கடற்கரை மேடைக்கு ஒரு சிறிய வால்வு அம்ப்: திருகோணமலை இசைக்குழு ஒன்றின் தேர்வு

உப்புவெளி, நிலாவெளி கடற்கரை விடுதிகளிலும் திருகோணமலை நகர மண்டபங்களிலும் வாசிக்கும் நால்வர் இசைக்குழு ஒன்று, தன் கிற்றார் கலைஞருக்கு வால்வு அம்ப் ஒன்றை, அதாவது வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்த விபரம் இது. ஒலிக் கருவிகள் திருத்துபவன் என்ற முறையில் தொடக்கம் முதல் நான் அவர்களுடன் இருந்தேன். ஆட்களின் பெயர்களையும் விடுதிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அம்ப் வாங்க வருபவர்கள் வழக்கமாக வாட்டையும் விலையையும் ஒலியையும் பற்றிக் கேட்பார்கள். எங்கள் பகுதியில் அதற்கு முன்பே கேட்கவேண்டியது மேடைக்கு வரும் மின்சாரத்தைப் பற்றி. இதை எழுதுவதற்கு முதற்காரணம் அதுதான்.

பின்னணி

குழுவில் ஒரு பாடகி, ஒரு கிற்றார், ஒரு பேஸ், தாளத்துக்கு ஒருவர். தாளக்காரர் சிறிய இடங்களில் கையால் தட்டும் கஹோன் பெட்டியும் திருமண மண்டபங்களில் முழு ட்ரம்ஸும் வாசிப்பார். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும் காலம். உல்லாசப் பயணிகள் வருவதும், விடுதிகள் வார இறுதியில் இசைக்கு ஆள் தேடுவதும் அப்போதுதான். வடகீழ்ப் பருவமழை பிடித்தபின் திருமண வரவேற்புகள். மார்கழியில் தேவாலய மண்டபங்களில் கரோல். பைலா, பழைய தமிழ்ப் பொப், புளூஸ், கொஞ்சம் றொக் என்று எதையும் வாசிக்கவேண்டிய குழு.

கிற்றார் கலைஞரிடம் இருந்தது இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பழைய ட்ரான்சிஸ்டர் அம்ப். இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. முன்பு வான் பிடித்துப் போவார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். ஒதுக்கீட்டில்தான் பெற்றோல் என்று ஆனபோது அந்தப் பழக்கம் நின்றது. பிறகு பெற்றோல் தாராளமாகக் கிடைத்தாலும் வான் கூலி பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நான்கு பேருக்குப் பிரிக்கவேண்டிய பணத்தில் பெரும்பங்கு வானுக்கே போனது. ஆகவே எல்லாப் பொருட்களையும் இரண்டு மோட்டார் சைக்கிள்களிலும், தேவைப்பட்டால் ஓட்டோ ஒன்றிலும் ஏற்றிப் போவதென்று தீர்மானித்தார்கள். பழைய அம்ப் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எடை மட்டும்தான் சிக்கல் என்றால் பாரம் குறைந்த ட்ரான்சிஸ்டர் அம்ப் போதும், விலையும் குறைவு என்று முதலிலேயே சொன்னேன். வால்வு எல்லோருக்கும் தேவை என்று நான் நினைப்பதில்லை. ஆனால் இவர் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. ஒலியை மாற்றும் பெடலைக் காலால் மிதிப்பது அரிது. பாட்டின் நடுவில் கிற்றாரின் ஒலிக் குமிழை சுண்டுவிரலால் மூன்றுக்கு இறக்கிப் பைலாத் தாளத்துக்குத் தெளிவாக வெட்டுவார். தனி வாசிப்பு வரும்போது எட்டுக்கு ஏற்றுவார். அம்ப் அந்த விரலுக்குப் பதில் சொல்லவேண்டும். நடுத்தர அளவுக்கு ஒலியை ஏற்றி ஓட்டும் வால்வு அம்ப் அதைத் தானாகவே செய்கிறது. அவருக்கு அது வீண் ஆசை அல்ல என்று எனக்குப் பட்டது.

செலவின் எல்லை ஒன்றரை இலட்சம் ரூபாய், எல்லாம் உட்பட.

மேடைகளில் பார்த்தவை

வாங்குவதற்கு முன் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் இடங்களுக்கு மல்டிமீட்டருடன் போனேன். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நகர மண்டபங்களில் முள் 230ஐ ஒட்டியே நின்றது. கடற்கரை விடுதி ஒன்றில் மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி ஓடத் தொடங்கியதும், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சமையலறையும் குளிரூட்டிகளும் சேர்ந்து இழுக்க, மேடைப் பிளக்கில் 205 வோல்ட்தான் இருந்தது.

வால்வின் உள்ளே இருக்கும் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து வீதம் கூடக் குறைய இருந்தால் தாங்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த அம்ப்புக்கு 205 கொடுத்தால் இழைக்கு 5.6 வோல்ட் கிடைக்கும். எல்லைக்குச் சற்றே கீழே அது. ஒலி சற்றுத் தளரும், ஆனால் அம்ப் பாடும். இந்தக் கணக்கு பிறகு முடிவையே தீர்மானித்தது.

ஒலி அளவைப் பொறுத்தவரை, எந்த மேடையிலும் பதினைந்து வாட்டுக்கு மேல் வால்வு அம்ப் தேவைப்படவில்லை. கஹோனும் பாடகியும் உள்ள சிறிய உணவகத்தில் ஐந்து வாட் போதும். முழு ட்ரம்ஸ் வரும் மண்டபத்தில் ஐந்து வாட், தெளிவான ஒலி வேண்டிய இடத்திலும் கரகரத்துவிடும். இரவல் வாங்கிய ஐந்து வாட் அம்ப் ஒன்றை ஒரு வரவேற்பில் வைத்துப் பார்த்தார்கள். பைலா வெட்டு எல்லாம் மங்கிப்போனது.

கையில் இருந்த தெரிவுகள்

முதல் தெரிவு கிற்றார் கலைஞரின் ரொறன்ரோ மச்சான் தருவதாகச் சொன்ன ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். 15 வாட், ஸ்பீக்கரை இயக்கும் இஎல் 84 வால்வு இரண்டு, முதலில் ஒலியைப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வு மூன்று, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவேர்ப், ஏறத்தாழ 14 கிலோ. சிறிய மேடைக்கு உலகெங்கும் பேர்பெற்ற அம்ப். அதுவும் இலவசம். குழுவில் எல்லோருக்கும் அதையே எடுக்க விருப்பம்.

ஆனால் அது கனடாவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. இங்கே இறக்கு மின்மாற்றி ஒன்று வேண்டும். கடைகளில் கிடைப்பவற்றில் பல 230ஐ 110 ஆக்குபவை. 120க்குச் செய்த அம்ப்புக்கு 110 கொடுத்தால் வீட்டில் சமாளிக்கலாம். மேற்சொன்ன விடுதியில் 205 ஆக இறங்கும்போது அம்ப்புக்குப் போவது 98 வோல்ட், இழைக்கு 5.15. அந்த அளவில் வால்வு சரியாகச் சூடேறாது, ஒலி விழும், வால்வின் ஆயுளும் குறையும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அளவாகச் செய்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாவது இன்னொன்று. போதாக்குறைக்கு, தேவையான கொள்ளளவுள்ள இறக்கு மின்மாற்றி சில கிலோ எடை. பதினான்கு கிலோவுக்காக எடுத்த அம்ப் மோட்டார் சைக்கிளில் பதினெட்டைத் தொடும். ஒரு நாள் அவசரத்தில் யாராவது அம்ப்பை நேராகச் சுவரில் செருகிவிட்டால் எல்லாம் முடிந்தது. வேண்டாம் என்றேன். மச்சானுக்கு மனவருத்தம், தொலைபேசியில் கணக்கை விளக்கியபின் ஏற்றுக்கொண்டார்.

வொக்ஸ் ஏசி15 ஒலியில் எனக்கு மிகவும் பிடித்தது. அம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள அதன் இன்றைய காம்போ 22 கிலோ. பேச்சு அங்கேயே நின்றது.

ஐந்து வாட் சிறிய காம்போக்கள் மலிவு, பாரமும் இல்லை. இவற்றில் பலவற்றில் ஒரு இஎல் 84, ஒரு 12ஏஎக்ஸ்7, 8 அங்குல ஸ்பீக்கர் மட்டுமே. மைக் வைத்துப் பொது ஒலிபெருக்கியில் கொடுத்தால் பெரிய இடத்தையும் நிரப்பலாம் என்பது உண்மை. ஆனால் மைக் ஒலியைப் பெரிதாக்கும், தெளிவைக் கொண்டுவராது. அம்ப் ஏற்கனவே கரகரத்தால் மைக்கும் கரகரப்பையே எடுக்கும்.

மீதியிருந்தது ஓரெஞ்ச் டைனி டெரர். 2006இல் வந்த, தலைப்பெட்டி மட்டுமான அம்ப். இரண்டு இஎல் 84, இரண்டு 12ஏஎக்ஸ்7, 15 வாட், 7 வாட்டுக்கு இறக்க ஒரு விசை, மூன்றே குமிழ்கள். ஏறத்தாழ ஆறு கிலோ. தோளில் மாட்டும் பையும் உண்டு. ஸ்பீக்கர் பெட்டி தனியாக வேண்டும். ரிவேர்ப் கிடையாது.

முடிவும் காரணமும்

டைனி டெரரை எடுப்பதென்று முடிவானது, லண்டனிலிருந்து. கிற்றார் கலைஞரின் சித்தி சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வரவிருந்தார். பிரித்தானியாவில் விற்கும் கருவி இங்குள்ள மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் அப்படியே பொருந்தும். சதுரக் கால் பிளக்கும் இங்கே பழக்கமானதுதான். பழையது ஒன்றையும், பாவித்த செலெஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கி, வால்வுகளைக் கழற்றிச் சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். பயணப் பொதியின் எடைக்குள் அடங்கியது.

பாரத்தை இரண்டாகப் பிரிப்பதே எனக்குப் பெரிய காரணமாக இருந்தது. ஒரே பெட்டியான காம்போவில் வால்வுகளும் ஸ்பீக்கரும் ஒன்றாக அதிரும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினால் குழிவிழுந்த வீதியின் அடி எல்லாம் வால்வுக்குப் போகும். தலைப்பெட்டி தனியென்றால் அது தோளில் வரும். முரட்டுப் பயணத்தை ஸ்பீக்கர் பெட்டி தாங்கிக்கொள்ளும்.

ஸ்பீக்கரின் உணர்திறனை, அதாவது ஒரே வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை, இங்கே யாரும் கேட்பதில்லை. அதுவே வாட்டை விடப் பெரிய விடயம். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும். வின்டேஜ் 30இன் உணர்திறன் 100 டெசிபல். 97 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து அதற்கு மாறினாலே பதினைந்து வாட் அம்ப் முப்பது வாட் போலக் கேட்கும். பணமும் கூடாது, தலைப்பெட்டியின் எடையும் கூடாது. காந்தம் பெரிதென்பதால் ஸ்பீக்கர் 4.7 கிலோ. அதை ஏற்றுக்கொண்டோம்.

பெட்டி

பெட்டியை நகரில் தளபாடம் செய்யும் தச்சர் ஒருவர் செய்தார். பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. ஸ்பீக்கர் பூட்டும் முன்பலகை மட்டும் 18 மில்லிமீட்டர், 11 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான வட்டத் துளையுடன். முதலில் அவர் மலிவான அமுக்குப் பலகையைக் காட்டினார். கடல் காற்றில் அது ஊதி உதிரும் என்பதால் மறுத்தோம். மூட்டுகளில் பசையும் திருகாணியும், ஆணி இல்லை. உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ். பின்பக்கம் பாதி திறந்தபடி விட்டோம். ஒலி பின்னாலும் பரவினால் தாளக்காரருக்குக் கிற்றார் கேட்க மொனிட்டர் என்ற தனி ஸ்பீக்கர் தேவைப்படாது. “ரேடியோப் பெட்டி மாதிரி ஒன்றுதானே தம்பி” என்றார் தச்சர். அவர் சொன்னதில் பிழையில்லை: ஐரோப்பிய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை இயக்கியதும் இதே இஎல் 84தான்.

16 ஓம் ஸ்பீக்கரை 16 ஓம் துளையில் செருகவேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு அம்ப்பை ஒருபோதும் ஓடவிடக் கூடாது. வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகும். இந்த இரண்டையும் வெள்ளை நாடாவில் எழுதி அம்ப்பின் பின்னால் ஒட்டினேன். மொத்தச் செலவு ஒன்றரை இலட்சத்துக்குள் முடிந்தது.

முதல் பருவம்

உப்புவெளியில் முதல் மாதம் வந்த முறைப்பாடு நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. சத்தம் அதிகம். 7 வாட்டுக்கு இறக்கியும் பலன் இல்லை, ஏனென்றால் பாதி வாட்டால் 3 டெசிபல்தான் குறையும். தரையில் வைத்த பெட்டி கிற்றார் கலைஞரின் முழங்காலுக்கும் சாப்பிடுபவர்களின் காதுக்கும் நேராகப் பாடியதுதான் காரணம். அவருக்கே சரியாகக் கேட்காததால் அவரும் கூட்டிக்கொண்டே போனார். பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சாய்த்து அவர் முகத்தை நோக்கித் திருப்பியதும் அவராகவே குமிழை இறக்கினார். விடுதிக்காரர் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

மண்டபங்களில் வேறு பிரச்சினை. ஒலி இயக்குபவர்கள் மிக்சருக்கு நேராக ஒரு வயர் கேட்பார்கள். இந்த அம்ப்பில் அப்படி ஒரு துளை இல்லை. ஸ்பீக்கர் துளையிலிருந்து மிக்சருக்கு வயர் இழுக்க ஒருவர் முயன்றதைத் தடுக்கவேண்டி வந்தது. மிக்சரும் போயிருக்கும், ஸ்பீக்கர் இல்லாமல் ஓடிய அம்ப்பும் போயிருக்கும். ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கரின் துணிக்கு அருகே, நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்தபோது பின்வரிசை வரை ஒலி போனது. இப்போது அந்த மைக்கைக் குழுவே கொண்டுபோகிறது.

பருவத்தின் நடுவில் ஒரு கிணுகிணுப்பு. குறிப்பிட்ட சுரங்களில் கண்ணாடி தட்டுவது போன்ற ஒலி. பென்சிலின் அழிப்பான் முனையால் ஒவ்வொரு வால்வாக மெல்லத் தட்டியபோது முதல் 12ஏஎக்ஸ்7இல் ஸ்பீக்கர் கூவியது. வாசித்து முடித்த கையோடு, சூடு ஆறாமலே பைக்குள் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவது வழக்கமாகியிருந்தது. சூடான வால்வு அதிர்ச்சியைத் தாங்காது. மாற்று வால்வு திருகோணமலையில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்தார்கள். இப்போது பையில் ஒரு 12ஏஎக்ஸ்7உம் ஒரு சோடி இஎல் 84உம் இருக்கின்றன. இஎல் 84களை மாற்றும்போது இந்த அம்ப்பில் பயஸ் எனப்படும் வால்வின் ஓய்வு மின்னோட்டத்தைச் சரிசெய்யத் தேவையில்லை. இசைக்கலைஞரே பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மாற்றலாம். அடிப்பெட்டியைத் திறப்பது அவருக்கு உரிய வேலை அல்ல. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

நிலாவெளியில் எர்த் இல்லாத இரவு

அது அவர்கள் வழக்கமாக வாசிக்காத இடம். மணலில் போட்ட மேடை, விடுதிக் கட்டடத்திலிருந்து நீண்ட வயர் ஒன்று. மிக்சர் உள்ளே சுவர்ப் பிளக்கில். அம்ப்பும் பெடல் அடாப்டரும் அந்த நீண்ட வயரில். அம்ப்பைப் போட்டதும் பெரும் இரைச்சல். கம்பிகளைக் கையால் பிடித்தால் குறைந்தது. சோதனைக்கு மைக்கில் பேசப் போனவர் பின்வாங்கினார்.

“அண்ணை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் சுண்டுகிறது.”

கம்பிக்கும் மைக்கின் உலோக வலைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நீண்ட வயரின் பிளக்கைத் திறந்தால், கசியும் மின்னை நிலத்துக்குக் கொண்டுபோகும் பச்சை-மஞ்சள் எர்த் வயர் உள்ளேயே வெட்டி விடப்பட்டிருந்தது. அடாப்டர் போன்ற சிறு மின்வழங்கிகள் இயல்பாகவே சிறிதளவு மின்னைக் கசியவிடும். எர்த் இருந்தால் அது அந்த வழியே இறங்கிவிடும். இல்லாததால் அடாப்டரிலிருந்து அம்ப்பின் உலோகப் பெட்டிக்கும், அங்கிருந்து கிற்றார் வயர் வழியே கம்பிகளுக்கும் வந்து நின்றது. மைக் மிக்சர் வழியே எர்த்தில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகத் தொட்டவரின் உதடு பாதையாகியது.

விடுதி ஊழியர் ஒருவர், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழவில்லையே, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நல்ல மனதுடன்தான் சொன்னார். ஆனால் அந்தக் கசிவு மில்லியம்பியர் ஒன்றுக்கும் குறைவு. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியரில்தான் விழும். அன்று சுண்டியது சிறிய மின். அம்ப்பின் மின்மாற்றியில் காப்பு பழுதாகி 230 வோல்ட் பெட்டிக்கு வந்திருந்தால், எர்த் இல்லாத மேடையில் அதை முதலில் கண்டுபிடிப்பது கிற்றார் பிடித்திருக்கும் மனிதனின் உடம்பு. ட்ரிப் சுவிட்ச் விழும், ஆனால் அவன் மின்னை வாங்கிய பிறகு. இரைச்சலைக் குறைக்க அம்ப் பிளக்கின் எர்த்தைக் கழற்றும் பழக்கத்தையும் சில குழுக்களிடம் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யவேண்டாம். இரைச்சலுக்கு வேறு வழிகள் உண்டு, உயிருக்கு இல்லை.

நிகழ்ச்சி முக்கால் மணிநேரம் தாமதமானது. என் வண்டியில் இருந்த எர்த் உள்ள வயரை இழுத்து, மிக்சரையும் அம்ப்பையும் அடாப்டரையும் ஒரே பிளக் பலகையில் சேர்த்தோம். மீட்டர் சுழியத்துக்கு வந்தது. இரைச்சலும் போனது.

இன்றைய நிலையும் மாற்றக்கூடியவையும்

அந்தப் பருவம் முடிந்து, மழைக்காலத் திருமணங்களையும் அதே அம்ப்பில் வாசித்தார்கள். மார்கழியில் ஸ்பீக்கர் வயரின் முனையில் உப்பு பூத்து, ஒரு பாட்டின் நடுவில் ஒலி நின்றது. கிற்றார் கலைஞர் உடனே அம்ப்பின் ஒலியை நிறுத்தும் காத்திருப்பு விசையைப் போட்டதால் வெளியீட்டு மின்மாற்றி தப்பியது. இப்போது மாதம் ஒருமுறை எல்லா முனைகளையும் துடைக்கிறார். ஸ்பீக்கருக்குக் கிற்றார் வயரைப் பாவிக்காமல் தடித்த ஸ்பீக்கர் வயரே பாவிக்கிறார்.

ரிவேர்ப் இல்லாத குறை அவருக்கு இன்னும் உண்டு. சிறிய பெடல் ஒன்றால் சமாளிக்கிறார். மிகத் தெளிவான ஒலி மட்டுமே வேண்டிய ஒருவர் என்னிடம் வந்தால், நான் டைனி டெரரைச் சொல்லமாட்டேன். அதே எடைக் கணக்கில் 230 வோல்ட் புளூஸ் ஜூனியரைத் தேடச் சொல்வேன். மச்சானுடைய அம்ப்பை மறுத்தது அதன் வோல்ட்டுக்காக மட்டும்தான்.

வின்டேஜ் 30க்குப் பதில் நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் கிடைத்திருந்தால் பெட்டி இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும். செலவு எல்லைக்குள் அது அப்போது அகப்படவில்லை. பழைய ஸ்பீக்கரை விற்று அதற்கு மாறுவதைப் பற்றி இப்போது பேச்சு நடக்கிறது.

எர்த் விடயத்தில் செய்த மாற்றம் நிரந்தரமானது. குழு தனக்கென எர்த் உள்ள நீண்ட வயரும், ட்ரிப் சுவிட்ச் பூட்டிய பிளக் பலகையும், மலிவான பிளக் சோதனைக் கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறது. மூன்றுக்குமான செலவு ஒரு சோடி வால்வின் விலையை ஒட்டியே வந்தது. புதிய மேடைக்குப் போனால் முதலில் அந்தக் கருவியைச் செருகிப் பார்க்கிறார்கள். எர்த் விளக்கு எரியாவிட்டால் கிற்றார் பையிலிருந்து வெளியே வருவதில்லை. விடுதிக்காரருடன் பேசும் ஒப்பந்தத்திலேயே இதைச் சொல்லிவிடுவதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.